மணல்மேட்டுக்குப் பின்னால் 18 அறைகள்: ஒரு கடற்கரை விடுதியின் பத்து ஆண்டுகள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் இருக்கும் ஒரு சிறிய விடுதியின் கதை இது. வடிவமைத்தவன் நான். உரிமையாளர், மேஸ்திரி, ஊர்க்காரர்கள் என யாருடைய பெயரையும் சொல்லவில்லை, ஊரின் பெயரையும் விட்டுவிட்டேன். இந்தக் கரையில் இன்னும் பல விடுதிகள் வரப்போகின்றன. அவற்றை வரையப் போகிறவர்களுக்கு எங்கள் கணக்கு எங்கே சரியாக வந்தது, எங்கே தப்பியது என்று தெரிந்தால் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

பின்னணி

2014 ஆகஸ்டில் உரிமையாளர் என்னிடம் வந்தார். துணி வியாபாரத்தில் சம்பாதித்தவர், அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். கடலோரத்தில் 5 ஏக்கர் வாங்கியிருந்தார். நிலம் நாடா போல நீளமானது: அகலம் சுமார் 55 மீட்டர், கடல் பக்கத்திலிருந்து சாலை வரை நீளம் 370 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

கிழக்கிலிருந்து நடந்தால் முதலில் ஈரமணல், பிறகு அகலமான வெண்மணல். அதன் முடிவில் நான்கு மீட்டர் உயரத்துக்கு ஒரு மணல்மேடு. மேட்டின் மீது அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படர்ந்திருந்தன. மேட்டின் பின்சரிவில் தாழம்புதர், அதற்குப் பிறகு பனைகள், கொஞ்சம் முந்திரி, கைவிடப்பட்ட ஒரு சவுக்குத் தோப்பு. கடைசியாக, சாலையை ஒட்டி ஒரு தாழ்ந்த பகுதி. அங்கே கோரை வளர்ந்திருந்தது. இந்தக் கடைசி வரியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

என்னிடம் வரும்போதே அவர் கையில் வேறொருவர் போட்ட வரைபடம் இருந்தது. பாலித் தீவின் விடுதிகளைப் பார்த்து வரைந்தது. கடலைப் பார்த்தபடி ஒரே வரிசையில் 24 குடில்கள், புல் வேய்ந்த உயரமான கூரைகள், முன்னால் பச்சைப் புல்வெளி. குடில்கள் நின்ற இடம் மணல்மேடு. அதாவது மேட்டை வழித்துச் சமமாக்கிவிட்டு, அதன் மீது விடுதி.

சட்டம் இதை அனுமதிக்காது என்பதை முதல் சந்திப்பிலேயே சொன்னேன். அப்போது நடைமுறையில் இருந்தது 2011-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. ஊரகக் கடற்கரையில் உயர் அலைக்கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏற்றத்தின்போது நீர் வந்து தொடும் எல்லையிலிருந்து, 200 மீட்டர் வரை விடுதிக் கட்டடம் எதுவும் கூடாது. 200 முதல் 500 மீட்டருக்குள் அனுமதி பெற்றுக் கட்டலாம், ஆனால் இரண்டு தளங்களுக்கு மேல் போகக்கூடாது, கூரை முகடு 9 மீட்டரைத் தாண்டக்கூடாது, எல்லாத் தளங்களையும் சேர்த்துக் கட்டடப் பரப்பு மனையின் 33 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மணல்மேட்டைச் சமப்படுத்தக் கூடாது. 200 மீட்டருக்குள் நிலத்தடி நீரைத் தொடக்கூடாது.

அவர் மறுக்கவில்லை. "சரி சார், தள்ளியே கட்டுவோம். மேட்டை மட்டும் ஒரு ஆள் உயரம் இறக்கிடலாமே. கடல் தெரியலேன்னா யார் வந்து தங்குவா?" என்றார்.

நியாயமான கேள்விதான். இந்த விடுதியின் வடிவம் முழுவதும் அந்தக் கேள்விக்குப் பதிலாக வந்தது.

இடத்தில் பார்த்தது

வரையத் தொடங்கும் முன் ஒரு முழு ஆண்டு இடத்தைப் பார்க்க அனுமதி கேட்டேன். வட்டி கட்டிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் இதைக் கேட்பது எளிதாக இல்லை. உயர் அலைக்கோட்டை அளந்து வாங்கவும் விண்ணப்பம் நகரவும் எப்படியும் அவ்வளவு காலம் ஆகும் என்பதால் ஒத்துக்கொண்டார். 2014 இறுதியிலிருந்து 2015 முடிவு வரை மாதம் ஒருமுறையாவது போய் இரவு தங்கினேன்.

முதலில் புரிந்தது காற்று. சித்திரை, வைகாசியில் கடல்காற்று மதியம் ஒன்று, இரண்டு மணிக்குத்தான் உள்ளே நுழையும். மேற்கிலிருந்து அடிக்கும் அனல்காற்று பலமாக இருக்கும் நாட்களில் மூன்றுக்கும் வராது. வந்தால் தென்கிழக்கிலிருந்து வரும். மார்கழியில் நிலைமை தலைகீழ்: வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து மணலை வாரி அடிக்கும். மேட்டுக்கு முன்னால் நின்றால் கண்ணைத் திறக்க முடியாது, பின்னால் பனைகளுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

இரண்டாவது தண்ணீர். மேட்டின் பின்சரிவில் ஊர்ப் பெண்கள் கையால் மணலைத் தோண்டி ஊற்றுநீர் எடுப்பதைப் பார்த்தேன். கடலிலிருந்து கூப்பிடு தூரம், தண்ணீர் இனிப்பு. அப்படியே சாலைப் பக்கம் வந்து ஆழமாகப் போட்ட ஒரு ஆழ்துளைக் கிணற்றின் நீரைக் குடித்தால் உவர்ப்பு. மணல்மேடு மழையைக் குடித்து வைத்திருக்கிறது. நன்னீர் லேசானது, உப்புநீரின் மேல் மிதக்கும். கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே கிட்டத்தட்ட 40 அடிக்கு உப்புநீரை அது அழுத்தி வைத்திருக்கும் என்பது கடலோர நீரியலின் பழைய கணக்கு. மேட்டை ஒரு ஆள் உயரம் இறக்கினால் கண்ணுக்குத் தெரியும் மணலோடு கண்ணுக்குத் தெரியாத நீரும் போகும்.

மூன்றாவது, கரையே நகரும் என்பது. 1980-களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். இந்தக் கரையோரமாக ஆண்டு முழுக்க மணல் இரண்டு திசையிலும் நகர்ந்தாலும், கூட்டிக் கழித்தால் தெற்கிலிருந்து வடக்கே போவதுதான் அதிகம். சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கடல் கரையைத் தின்றது. தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் பக்கம் போய்ப் பார்த்தால் வீடுகளை இழந்த தெருக்களைக் காணலாம். எங்கள் மனை அங்கிருந்து இன்னும் வடக்கே, அரிப்பு அப்போது எட்டவில்லை. எட்டாது என்று யாரும் எழுதித் தர முடியாது. உரிமையாளரை அங்கே ஒரு நாள் அழைத்துப் போனேன். திரும்பி வரும் வழியில் அவர் அதிகம் பேசவில்லை.

நான்காவது விஷயத்தைச் சொன்னவர் ஒரு வயதான பனையேறி. சாலைப் பக்கத் தாழ்விடத்தில் நின்றுகொண்டு, "தம்பி, ஐப்பசி கார்த்திகைல தண்ணி இங்கதான் வந்து நிக்கும். மேக்கேருந்து வரும். அப்புறம் மெதுவா வடக்க போயிடும்" என்றார். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன், தேதியும் போட்டேன். 2015 நவம்பரில் பெருமழை பெய்தபோது அங்கே முழங்கால் அளவு தண்ணீர் நின்றதைப் படமும் எடுத்தேன்.

இந்தக் கரையின் நில அமைப்பு அப்படி. கடலுக்கு இணையாக ஒரு மேடு, அதற்குப் பின்னால் ஒரு தாழ்வு, மறுபடி மேடு, மறுபடி தாழ்வு. மழைநீர் நேராகக் கடலுக்குப் போகாது. தாழ்வுகளின் வழியே பக்கவாட்டில் நகர்ந்து கழிமுகத்தைத் தேடும். கழுவேலி ஏரியும் மரக்காணம் உப்பளங்களும் இருப்பதும் இப்படிப்பட்ட தாழ்விடங்களில்தான்.

மேட்டைப் பற்றிய முடிவு

மேட்டில் கை வைப்பதில்லை, கட்டடம் முழுவதும் அதன் பின்னால். இது சட்டத்துக்காக எடுத்த முடிவாகத் தொடங்கி, மேலே சொன்ன காரணங்களால் நம்பிக்கையாக மாறியது. 2004 ஆழிப்பேரலையின்போது மேடு உடையாமல் இருந்த இடங்களில் தண்ணீர் வேகம் குறைந்து வந்ததை ஊரில் பலரும் நேரில் பார்த்திருந்தார்கள். அதைப் பற்றி அவர்களிடம் நான் வாதாட வேண்டியிருக்கவில்லை.

உரிமையாளரிடம் வாதாட வேண்டியிருந்தது. அவர் இலங்கைக்கு அடிக்கடி போகிறவர். அடுத்த முறை தம்புள்ளைக்குப் போய், இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த கண்டலமா விடுதியில் ஒரு இரவு தங்கச் சொன்னேன். 1994-இல் திறந்த விடுதி அது. சிகிரியா பாறைக்கோட்டையின் அடிவாரத்தில் கட்டக் கேட்டபோது பாவா அங்கே வேண்டாம் என்று தள்ளி, கண்டலமா குளத்தின் மறுகரைப் பாறைச்சரிவைத் தேர்ந்தெடுத்தார். உள்ளே நுழைபவருக்கு முதலில் குளம் தெரியாது. குகை வாய் போன்ற நுழைவு, பாறையை ஒட்டி ஒரு நடை, அதற்குப் பிறகுதான் குளமும் தொலைவில் சிகிரியாவும் விரியும். கட்டடத்தின் மேல் கொடிகள் வளர்ந்து, எதிர்க்கரையிலிருந்து பார்த்தால் பாறையும் விடுதியும் பிரித்தறிய முடியாது.

அவர் போய்த் தங்கிவிட்டு வந்தார். "மறைச்சு வச்சுக் காட்டுறாங்க, அது நல்லாருக்கு. ஆனா அங்க கடைசில தெரியுது. இங்கயும் கடைசில தெரியணும்" என்றார்.

அங்கிருந்து கணக்கு எளிதானது. மேடு 4 மீட்டர். சட்டம் 9 மீட்டர் முகடு தருகிறது. மாடி அறையின் திண்ணையில் உட்கார்ந்தால் கண் மட்டம் மேட்டுக்கு மேலே வரும். எனவே 12 கீழ் அறைகள், 6 மாடி அறைகள். மாடியிலிருந்து மேட்டின் விளிம்புக்கு மேல் ஒரு நீலக் கோடாகக் கடல் தெரியும். கீழ் அறையில் இருப்பவர் கடலின் ஓசையைக் கேட்கலாம், வாசத்தை முகரலாம், பார்க்க நடந்துதான் போக வேண்டும். 24 அறைகள் 18 ஆனதை அவர் ஏற்றுக்கொள்ள மூன்று மாதம் ஆனது.

மேட்டைத் தாண்டும் பாதையைப் பற்றியும் நிறைய யோசித்தோம். நேராக வெட்டினால் அந்தப் பிளவின் வழியே காற்று மணலைத் தோண்டி எடுத்துவிடும், புயலலையும் அதே வழியில் உள்ளே வரும். ஆகவே இரண்டு இடத்தில் திரும்பும் ஒற்றையடிப் பாதை, இரண்டு பேர் ஒருவரை ஒருவர் தாண்டும் அகலம்.

அறை, சுவர், கூரை

அறைகள் இரண்டு வரிசை, ஒன்றுக்குப் பின் ஒன்று மறையாதபடி முன்பின்னாக. ஒவ்வொன்றும் தென்கிழக்கைப் பார்த்து லேசாகத் திரும்பியிருக்கும். பனைகளை அளந்து வரைபடத்தில் குறித்து, அவற்றுக்கு நடுவில் அறைகளை வைத்தோம். சுவரின் குறுகிய பக்கம் மேற்கே, அதில் குளியலறை. இந்த அட்சரேகையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும் என்பதால் வடக்குச் சுவருக்கும் இறவாணம் (கூரை விளிம்பு) நீட்டினோம். சென்னையில் நான் பார்த்த பல வரைபடங்களில் இது விடுபடுகிறது. வடக்கு என்றால் நிழல் என்று நினைத்துவிடுகிறோம்.

அடித்தளமும் தரையிலிருந்து இடுப்பளவு சுவரும் கருங்கல். அதற்கு மேல் ஆரோவில் பக்கத்துச் செம்மண்ணில் 5 சதவீதம் சிமென்ட் கலந்து அழுத்திய மண்கல். உள்பூச்சு சுண்ணாம்பு. கான்கிரீட்டைக் குறைத்துக்கொண்டோம், ஏனென்றால் இந்தக் காற்றில் முதலில் செத்துப்போவது கம்பி. மாடித் தளத்துக்கும் லிண்டலுக்கும் (கதவு, சன்னல்களுக்கு மேல் வரும் விட்டம்) தவிர்க்க முடியவில்லை. அங்கே கடலோரச் சூழலுக்கு இந்தியத் தர விதிமுறை சொல்லும் எம்30 என்ற வலுவான கான்கிரீட் கலவையும், கம்பியை மூடி 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மறைப்பும் கறாராக வைத்தோம். மேஸ்திரிக்கு அந்த மறைப்பு வீண் செலவாகத் தெரிந்தது. பக்கத்து ஊரில் பதினைந்து வருடத்தில் கம்பி துருத்திக்கொண்டிருந்த ஒரு பள்ளிக் கூரையைக் காட்டியதும் அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்கை அவரே எண்ணி வைக்க ஆரம்பித்தார்.

கூரைக்குப் புல்லும் கீற்றும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். கீற்று ஒன்றிரண்டு வருடத்தில் மாற்ற வேண்டும், தீப்பிடிக்கும் பயமும் உண்டு. வைரம் பாய்ந்த பனஞ்சட்டம், அதன் மேல் ரீப்பர், சீலிங் ஓடு, மேலே மங்களூர் ஓடு. இரண்டு ஓட்டுக்கும் நடுவில் சிக்கும் வெப்பம் முகட்டுத் திறப்பு வழியே வெளியேறும். நான்கு பக்கமும் சரியும் கூரை, ஏறத்தாழ 30 பாகை. இரண்டு பக்கம் மட்டும் சரிந்து முக்கோணச் சுவரோடு நிற்கும் கூரையைவிட இது புயலைத் தாங்கும்.

கட்டிய காலம்

அனுமதிகள் 2016 இறுதியில் முடிந்தன. 2017 தொடக்கத்தில் கடைக்கால் போட்டோம். ஆற்றுமணல் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்த ஆண்டு அது. கடல்மணலைச் சலித்துக் கழுவித் தருவதாக ஒருவர் வந்தார், திருப்பி அனுப்பினோம். பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் வரும்வரை வேலை நின்றது.

ஊரோடு ஒரு பிரச்சினை இந்தக் காலத்தில்தான் எழுந்தது. மனையின் தெற்கு எல்லையை ஒட்டி மீனவர்கள் கடலுக்குப் போகும் வழி உண்டு. எந்த வரைபடத்திலும் அது கிடையாது. வேலி போட்ட அன்றே ஊர்ப் பஞ்சாயத்தார் வந்துவிட்டார்கள். அறிவிக்கையும் இதைச் சொல்கிறது: வேலி பொதுமக்கள் கடற்கரைக்குப் போவதை மறிக்கக் கூடாது. ஆனால் அதை வாசித்துக் காட்டும் நிலைமையில் நாங்கள் இல்லை, தப்பு எங்கள் பக்கம். ஓராண்டு இரவு தங்கிப் பார்த்த நான், காலை நான்கு மணிக்கு ஆட்கள் நடந்து போவதைப் பார்த்தும் அதை வழியாகக் குறிக்காமல் விட்டேன். வேலியை 4 மீட்டர் உள்ளே தள்ளினோம். கரைவலை இழுக்கும் காலத்தில் வலை உலர்த்தவும் கருவாடு காயவைக்கவும் மேட்டுக்கு முன்னால் இருக்கும் மணல் அவர்களுடையது என்பதையும் உரிமையாளர் ஒத்துக்கொண்டார்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையைக் கடந்தது. எங்கள் பக்கம் பெரிதாக ஒன்றுமில்லை. அப்போது 7 அறைகளுக்கு ஓடு போட்டு முடித்திருந்தோம். இரண்டு வாரம் கழித்து மேஸ்திரியும் நானும் வேதாரண்யம் பக்கம் போனோம். தென்னைகள் கிலோமீட்டர் கணக்கில் சாய்ந்து கிடந்தன, பனைகள் பெரும்பாலும் நின்றன. நாங்கள் பார்க்கப் போனது கூரைகளை. திண்ணைக் கூரையும் வீட்டுக் கூரையும் ஒரே சரிவாகத் தொடர்ந்த வீடுகளில், காற்று திண்ணைக்கு அடியில் புகுந்து மொத்தக் கூரையையும் உரித்திருந்தது. திண்ணை தனியாக, ஒரு படி கீழே இருந்த வீடுகளில் திண்ணை மட்டும் போயிருந்தது.

எங்கள் 7 அறைகளும் முதல் வகை.

பேருந்தில் திரும்பும்போதே மேஸ்திரி, "பிரிச்சுப் போட்டுடலாம் சார்" என்றார். ஓட்டை இறக்கி, சட்டத்தை அறுத்து, திண்ணைக் கூரையைத் தனியாகத் தூண் மேல் நிறுத்தினோம். ஓரத்து ஓடுகளையும் முகட்டு ஓடுகளையும் செம்புக் கம்பியால் கட்டினோம். இரண்டு மாதமும் கணிசமான பணமும் போயின. உரிமையாளர் படங்களைப் பார்த்தபின் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மேஸ்திரி இல்லாமல் நான் தனியாகப் போயிருந்தால், போட்ட கூரையைப் பிரிக்கும் துணிவு எனக்கு வந்திருக்குமா என்று நிச்சயமில்லை.

இதே மாதங்களில் இன்னொரு முடிவும் எடுத்தோம். தீயணைப்பு வண்டி திரும்ப இடம் வேண்டும், பேருந்தில் வரும் குழுக்களுக்கு நிறுத்தம் வேண்டும். சாலைப் பக்கத்துத் தாழ்விடம்தான் கிடைத்தது. கிராவல் கொட்டி மேடாக்கி, பேவர் கல் பதித்து, ஓரத்தில் ஒரு குழாய் போட்டு நீர் போக வழி விட்டோம். வரவேற்பறையை அதன் ஓரத்தில் வைத்தோம். 2015 மழை நூறு வருடத்தில் ஒருமுறை வரும் மழை என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். நானும் தலையாட்டினேன்.

திறந்த பிறகு

2019 ஜூனில் திறந்தார்கள். அந்த ஆண்டு ஜனவரியில் புதிய கடலோர அறிவிக்கை வந்திருந்தது. 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகக் கடற்கரைகளில் கட்டத் தடை உள்ள 200 மீட்டர் 50 ஆகக் குறையும். கொஞ்சம் பொறுத்திருக்கலாமோ என்று உரிமையாளருக்கு வருத்தம். எனக்கு வருத்தமில்லை.

முதல் ஆண்டு வியாபாரம் சுமார்தான். மாடி அறைகள் உடனே நிரம்பின. கீழ் அறைகளைப் பற்றி "கடற்கரை விடுதி என்றார்கள், கடலைக் காணோம்" என்ற புகார் திரும்பத் திரும்ப வந்தது. பிறகு மெல்ல மாறியது. குழந்தைகளோடும் வயதானவர்களோடும் வருகிறவர்கள் கீழ் அறையைக் கேட்டு வாங்கத் தொடங்கினார்கள். மார்கழியில் மாடித் திண்ணையில் மணல் அடிக்கும்போது கீழே அமைதியாக இருக்கும்.

குளிர்சாதனம் பற்றி நான் நினைத்தது தவறாகப் போனது. கீழ் அறைகளுக்கு அது தேவைப்படாது என்று வரைந்திருந்தேன். கடல்காற்று வந்தபின் தேவைப்படுவதும் இல்லை. ஆனால் வெயில் காலத்தில் காலை பத்திலிருந்து மதியம் இரண்டு வரை காற்று செத்துக் கிடக்கும். அந்த நான்கு மணி நேரத்துக்குப் பணம் கொடுத்து வந்தவர் பொறுத்துக்கொள்ள மாட்டார், பொறுக்கச் சொல்லவும் கூடாது. 2021-க்குள் எல்லா அறைகளுக்கும் ஏசி வந்துவிட்டது. என் மரச் சட்டச் சன்னல்கள் காற்றை விடுவதற்காகச் செய்தவை, குளிரை அடைத்து வைக்கத் தெரியாது. மின்கட்டணம் எகிறியது. வெளியே வைத்த இயந்திரங்களின் தகடுகள் இரண்டு வருடத்தில் உப்பில் பொரிந்து உதிர்ந்தன.

கொரோனாவில் விடுதி மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது ஒன்றைக் கவனித்தோம். ஏசிக்காகக் கண்ணாடி போட்டு இறுக்கிய முதல் மூன்று அறைகளில் பூஞ்சை, மெத்தை வரை ஏறியிருந்தது. சட்டச் சன்னல் அறைகள் தூசி தட்டியதும் சரியாகிவிட்டன. அதனால் பிறகு எந்தச் சன்னலையும் அடைக்கவில்லை. உள்பக்கம் ஒரு கண்ணாடிக் கதவு சேர்த்தோம், ஏசி ஓடும்போது மட்டும் மூட.

மேட்டுப் பாதையிலும் பிரச்சினை வந்தது. விருந்தினர்கள் திருப்பங்களை விட்டுவிட்டு நேராக நடந்தார்கள். ஆறு மாதத்தில் அடம்பு செத்து, மணல் பறந்து, மேட்டில் ஒரு பள்ளம் விழுந்தது. சவுக்கு மிளாறுகளை வரிசையாக நட்டு, மணல் சேர விட்டு, மழைக்கு முன் அடம்புத் தண்டுகளை ஊன்றினோம். ஊர்ப் பெண்கள் நான்கு பேர் செய்த வேலை அது. இரண்டு மழைக்காலத்தில் பள்ளம் மூடிவிட்டது. கடல் பக்கம் விளக்கே வைக்கவில்லை. தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் கரை இது, குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்து வழி தவறிவிடும்.

மூன்று புயல்கள்

2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி நிவர், புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கூரைகள் நின்றன. இரண்டு திண்ணைக் கூரைகள் பிய்ந்து போயின, அவற்றின் அறைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேஸ்திரிக்குப் படம் அனுப்பினேன். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் மாமல்லபுரம் பக்கம் கடந்தபோது கடல் மேட்டின் அடி வரை வந்து முன்சரிவைச் சீவிவிட்டுப் போனது. செங்குத்தாக நின்ற சரிவைப் பார்த்து உரிமையாளர் பயந்தார். அடுத்த கோடைக்குள் மணல் திரும்ப வந்து சேர்ந்தது. மேடு என்பது அப்படி வாங்கிக்கொண்டு கொடுப்பதற்காகவே இருப்பது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்தது. கடந்த பிறகும் நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கடல் பக்கத்திலிருந்து எங்களுக்கு எந்தச் சேதமும் இல்லை. தண்ணீர் மேற்கிலிருந்து வந்தது. சாலையைத் தாண்டி, பேவர் கல் தளத்தின் மீது ஏறி, நாங்கள் போட்ட குழாய் ஒரு மணி நேரத்தில் அடைத்துக்கொள்ள, வரவேற்பறைக்குள் முழங்கால் அளவு நின்றது. மின்பலகை அங்கே இருந்தது. ஜெனரேட்டரும் அங்கே. சமையலறைப் பின்பக்கத்துக் கழிவுநீர்த் தொட்டி நிரம்பிக் கலந்துவிட்டது. 11 விருந்தினர்களும் பணியாளர்களும் இரண்டு இரவு மாடி அறைகளில் இருந்தார்கள். ஊரிலிருந்து தலைச்சுமையாகச் சாப்பாடு கொண்டு வந்தவர்கள், முன்பு வேலிக்காகச் சண்டைக்கு வந்தவர்கள்.

தண்ணீர் வடிய நான்கு நாள் ஆனது. பனையேறி காட்டிய அதே இடத்தில் நின்று, அவர் சொன்னபடி மெதுவாக வடக்கே போனது. பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்து அந்தப் பக்கத்தைப் பார்த்தேன்.

இப்போது செய்தால்

ஒரு முழு ஆண்டு இடத்தைப் பார்த்தேன் என்று மேலே பெருமையாகவே எழுதியிருக்கிறேன். அதில் பெரும்பகுதி கிழக்கே திரும்பி உட்கார்ந்திருந்தேன். கடலோர விடுதி என்றதும் ஆபத்தும் அழகும் கடலிலிருந்து வரும் என்று மனம் முடிவு செய்துவிடுகிறது. சட்டமும் கடலிலிருந்துதான் அளக்கிறது. மேட்டுக்குக் கொடுத்த மரியாதையைத் தாழ்வுக்கும் கொடுத்திருக்க வேண்டும். இனி இந்தக் கரையில் எதை வரைந்தாலும் முதல் தாளில் கட்டடம் இருக்காது. மேடுகள், தாழ்வுகள், மழைநீர் வரும் திசை, ஊர் நடக்கும் வழி இவை மட்டும் இருக்கும். வண்டி நிறுத்தம்கூட அதற்குப் பிறகுதான் இடம் தேடும்.

மின்பலகையும் ஜெனரேட்டரும் ஆள் உயரத்துக்கு மேலே போக வேண்டும். அறைகளை இரண்டு விதமாகவும் வாழும்படி தொடக்கத்திலேயே வரைவேன்: காற்றுக்குத் திறப்பது, நான்கு மணி நேரம் மூடுவது. சுண்ணாம்புப் பூச்சைக் கருங்கல்லுக்கு மேல்தான் தொடங்குவேன். கீழே வரை இறக்கிய இடங்களிலெல்லாம் உப்புப் பூத்துப் பொரிந்து, ஆண்டுதோறும் சுரண்டிப் பூச வேண்டியிருக்கிறது.

2025 கோடையில் பேவர் கற்களைப் பெயர்த்துவிட்டோம். கிராவலை அள்ளி, தாழ்விடத்தைப் பழைய ஆழத்துக்குத் தோண்டி, வடக்கு எல்லையில் அடைத்திருந்த சுவரைத் திறந்தோம். பக்கத்து மனைக்காரரும் அவர் பக்கத்தில் திறந்துவிட ஒப்புக்கொண்டது பெரிய உதவி. வண்டி வருவதற்குக் கருங்கல் தூண் மேல் ஒரு சிறு பாலம். நிறுத்தத்துக்கு 8 வண்டிகளுக்குத்தான் இடம், மற்றவை சாலைக்கு மறுபக்கம் வாடகை நிலத்தில். கோரை தானாகவே வந்துவிட்டது.

வரவேற்பறையின் தரை மட்டும் இன்னும் பழைய உயரத்தில் இருக்கிறது. உயர்த்தினால் கதவும் சன்னலும் குட்டையாகும், கூரையையும் தூக்க வேண்டும். இப்போது பொறுப்பில் இருக்கும் உரிமையாளரின் மகன் அடுத்த கோடைக்குள் செய்துவிடலாம் என்கிறார். அதுவரை ஐப்பசி பிறந்ததும் கணக்குப் புத்தகங்களையும் கணினியையும் மாடி அறை ஒன்றுக்கு மாற்றிவிடுகிறார்கள். அந்த இரண்டு மாதமும் அந்த அறையை வாடகைக்கு விடுவதில்லை.